நாகலூர் மலைக் காப்பியும் உலக வாணிபமும்

கிராம அபிவிருத்தி என்று சொன்னவுடன் சாலை, பாலம், குடிநீர்க் கிணறு, பள்ளிக் கட்டடம் ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. இவற்றைச் செய்ய வேண்டியவர்கள் சர்க்காரும் பஞ்சாயத்தும் என்றும், வியாபாரம் என்பது கடைத்தெருவோடு நின்றுவிடும் காரியம் என்றும் நாம் எண்ணிப் பழகிவிட்டோம். ஆயினும் ஓர் ஊரின் மரம் நிற்பதும் வீழ்வதும், ஓடை தெளிந்து ஓடுவதும் கலங்கி நாறுவதும், இளைஞர்கள் ஊரில் தங்குவதும் திருப்பூருக்குப் பஸ் ஏறுவதும், அவ்வூரின் விளைபொருளை யார், எவ்விதம், என்ன விலைக்கு வாங்குகிறார்கள் என்பதையே பெரிதும் பொறுத்திருக்கின்றன. இவ்வுண்மையைச் சேர்வராயன் மலையிலுள்ள நாகலூரை வைத்து ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். மலையில் இல்லாத வாசகர்கள் காப்பி என்று வருமிடத்தில் தங்கள் ஊரின் மஞ்சளையோ மரவள்ளியையோ வைத்துப் படித்துக்கொள்ளலாம்.

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டை அடைந்து, அங்கிருந்து நாகலூர் செல்லும் சாலையில் நடந்தால், இருபுறமும் காடா தோட்டமா என்று பிரித்தறிய முடியாத பசுமையைக் காணலாம். மேலே சில்வர் ஓக், பலா, ஆலின் இனத்தைச் சேர்ந்த பெருமரங்கள். அவற்றின் தண்டைத் தழுவி ஏறும் மிளகுக் கொடி. அவற்றின் நிழலில் ஆள் உயரத்துக்குக் கவாத்துச் செய்யப்பட்ட காப்பிச் செடி. பெரிய எஸ்டேட்டுகளும் உண்டு. மலையாளிப் பழங்குடி மக்களின் சிறு தோட்டங்களும் உண்டு. (மலையாளி என்றால் கேரளத்தார் என்று சமவெளியிலிருந்து வருவோர் சிலர் இன்னும் எண்ணுகின்றனர். மலையை ஆள்பவர் என்ற பொருளில் வழங்கும் பெயர் அது. அம்மக்கள் பேசுவது தமிழே.) இச்சிறு தோட்டங்களில் விளையும் பழம் கடல் கடந்து செல்லுமா, சென்றால் அதன் பயனில் எத்தனை பங்கு மலைக்குத் திரும்பி வரும் என்பதே நம் முன் உள்ள கேள்வி.

நிலைத்த அபிவிருத்தி என்ற சொற்றொடர் இப்போது அரசாங்கக் காகிதங்களிலெல்லாம் காணப்படுகிறது. 1987ஆம் ஆண்டில் நார்வே நாட்டின் திருமதி புருண்ட்லாண்ட் அம்மையாரின் தலைமையில் அமைந்த உலகக் குழு, வருங்காலத் தலைமுறையினரின் தேவைகளைக் கெடுக்காமல் இன்றைய தேவைகளைப் பூர்த்தி செய்துகொள்வதே அது என்று விளக்கிற்று. 1992இல் ரியோ நகரில் கூடிய மாநாடு அதை உலக நாடுகளின் கொள்கையாக்கியது. 2015இல் ஐக்கிய நாடுகள் சபை, 2030க்குள் எய்த வேண்டிய 17 குறிக்கோள்களை வகுத்தது. நம் விவசாயிக்கு இது புதிய தத்துவம் அன்று. எவ்வளவு பஞ்சம் வந்தாலும் விதைநெல்லைக் குற்றித் தின்னாதே என்று நம் பாட்டிமார் சொன்னதும் இதுவே. புதியது யாதெனில், விதைநெல்லைக் காக்கும் பொறுப்பு விளைவிப்பவனுக்கு மட்டுமன்றி, வாங்குபவனுக்கும் விற்பவனுக்கும் உண்டு என்று உலகம் ஒப்புக்கொள்ளத் தொடங்கியிருப்பதுதான்.

அந்தப் பொறுப்பை வாணிபம் மறந்தால் என்ன நேரும் என்பதற்குக் காப்பியின் சரித்திரமே சான்று. சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொணர்ந்தவர் 1820ஆம் ஆண்டையொட்டிச் சேலம் ஜில்லாவின் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை என்பர். ஏற்காட்டிலுள்ள கிரேஞ்சு எஸ்டேட் அவர் காலத்தது. ஏறக்குறைய அதே காலத்தில் இலங்கையின் கண்டி மலைகளில் காடுகள் அழிக்கப்பட்டு, மலை மலையாகக் காப்பி ஒன்றே பயிராயிற்று. அதைப் பயிரிடவும் பறிக்கவும் சேலம், திருச்சி, மதுரை ஜில்லாக்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர் கால்நடையாகச் சென்றனர். லாபம் கண்ட முதலாளிகள் நிழல் மரத்தைப் பற்றியோ மண்ணைப் பற்றியோ நின்று யோசிக்கவில்லை. 1869இல் இலைத்துரு நோய் அங்கே தோன்றியது. இடையில் தடுக்க வேறு மரமோ பயிரோ இல்லாமையால் அது தோட்டம் விட்டுத் தோட்டம் தாவி, இருபது ஆண்டுகளுக்குள் இலங்கையின் காப்பித் தொழிலைத் துடைத்தெறிந்தது. கம்பெனிகள் தேயிலைக்கு மாறிப் பிழைத்துக்கொண்டன. மாற முடியாத சிறு பயிர்க்காரரும், வேலையிழந்த கூலிக்காரரும் பட்ட பாட்டை எந்தக் கம்பெனியின் ஐந்தொகையிலும் காண முடியாது.

நம் மலைகளில் காப்பி இன்றும் நிற்பதற்கு ஒரு காரணம் நிழல். அராபிக்கா காப்பியின் பெரும்பகை வெள்ளைத் தண்டு துளைப்பான் என்னும் வண்டு. வெயில் நேரே படும் செடியின் பட்டை வெடிப்பிலே தாய் வண்டு முட்டையிட விரும்புகிறது. புழு தண்டுக்குள் புகுந்து குடைந்துவிட்டால், செடியை வேரோடு பிடுங்கி எரிப்பதன்றி வழியில்லை. நல்ல நிழலுள்ள தோட்டத்தில் இதன் தொல்லை குறைகிறது. மேலும் நிழல் மரத்தின் சருகு மண்ணுக்குப் போர்வையாகிறது; பெருமழையில் மண் அரிக்காமல் வேர் பிடித்துக்கொள்கிறது; பெய்த நீர் ஊறி, கோடையிலும் ஊற்றாய்க் கசிகிறது. சேர்வராயன் மலையில் பிறக்கும் வாணியாறு தருமபுரி மாவட்டத்து வயல்களுக்கும், திருமணிமுத்தாறு சேலத்துச் சமவெளிக்கும் செல்கின்றன. ஆகையால் நாகலூர்த் தோட்டக்காரர் ஒரு மரத்தை வெட்டாது விட்டால், அதன் பயன் அவர் பார்த்தறியாத பாப்பிரெட்டிப்பட்டி விவசாயிக்கும் போய்ச் சேர்கிறது.

அந்த மரத்துக்கு அவருக்கு யார் கூலி கொடுக்கிறார்கள்? ஒருவரும் இல்லை. மரத்தை வெட்டி விற்றால் ரொக்கம் கையில் கிடைக்கும். வெயில் கூடினால் இரண்டொரு ஆண்டுக்குக் காய்ப்பும் கூடக்கூடும். மலைப்பகுதிகளில் மரம் வெட்ட அனுமதி பெற வேண்டும் என்று 1955ஆம் ஆண்டு முதலே சட்டம் இருக்கிறது. சட்டம் வேண்டியதே. ஆனால் பெண்ணின் கலியாணத்துக்குப் பணம் தேடும் ஒருவரிடம் சட்டத்தை மட்டும் காட்டி மரத்தைக் காப்பாற்றிவிடலாம் என்று நாம் நம்பவில்லை. நிற்கும் மரத்துக்கு விலை வைக்கும் வாணிபம் வேண்டும். அதாவது, நிழலில் விளைந்த காப்பி என்பதற்காகவே சற்றுக் கூடுதல் கொடுத்து வாங்குபவர் வேண்டும். மரத்தில் ஏற்றிய மிளகு இதில் ஓரளவு உதவுகிறது. காப்பி விலை விழுந்த ஆண்டுகளில் மிளகால் தாங்கியவர்கள் மலையில் பலர்.

காப்பி விலை விழுவதும் எழுவதும் நம் கையில் இல்லை. 1942ஆம் ஆண்டுக் காப்பிச் சட்டத்தின்படி, விளைந்த காப்பி முழுவதையும் காப்பி வாரியத்தின் பொதுத் தொகுப்பில் ஒப்படைக்க வேண்டியிருந்தது. வாரியம் ஏலம் விட்டு, தவணை தவணையாகப் பணம் கொடுத்தது. உலக அளவிலும் 1962இல் ஏற்பட்ட சர்வதேசக் காப்பி ஒப்பந்தம் நாட்டுக்கு நாடு அளவு வகுத்து விலையைத் தாங்கிற்று. 1989இல் அந்த அளவு முறை முறிந்தது. 1992 முதல் நம் நாட்டிலும் தொகுப்பு முறை படிப்படியாகத் தளர்ந்து, சிறு பயிர்க்காரருக்கு 1994லும் ஏனையோருக்கு 1996லும் முழு விற்பனைச் சுதந்திரம் கிடைத்தது. தவணைப் பணத்துக்காகக் காத்துக் கிடந்தவர்கள் இதை மகிழ்ச்சியோடு வரவேற்றனர். ஆனால் 2001இல் நியூயார்க் சந்தையில் அராபிக்கா விலை ஒரு பவுண்டுக்கு, அதாவது 454 கிராமுக்கு, அரை டாலருக்கும் கீழே இறங்கிற்று. பறிகூலிக்கும் காணாது என்று பழத்தைச் செடியிலேயே விட்டவர்கள் உண்டு. அதே விலை 2025 பிப்ரவரியில் 4 டாலரைத் தாண்டிற்று. சுதந்திரம் என்பது இவ்விரண்டையும் சேர்த்து ஏற்றுக்கொள்வது. பெரிய எஸ்டேட் ஏற்றத்தில் சேர்த்து வைத்து இறக்கத்தில் தாங்கும். அரை ஏக்கர்க்காரர் இறக்கத்தில் வாங்கிய கடனை ஏற்றத்தில் அடைப்பதற்குள் மறுபடி இறக்கம் வந்துவிடுகிறது.

இங்கே வாணிபத்தின் கடமை என்ன? நம் நாட்டில் 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவு இதற்கு ஒரு விடை கூறுகிறது. 500 கோடி ரூபாய் நிகர மதிப்போ, 1,000 கோடி ரூபாய் வியாபாரமோ, 5 கோடி ரூபாய் நிகர லாபமோ உள்ள கம்பெனி, முந்திய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் நூற்றுக்கு 2 பங்கைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். தான் தொழில் நடத்தும் வட்டாரத்துக்கு முதலிடம் தரவேண்டும் என்கிறது அச்சட்டம். 2014 ஏப்ரல் முதல் இது நடைமுறையில் உள்ளது. பள்ளிக்குக் கழிப்பறை, மருத்துவ முகாம், மரக்கன்று நடுதல் எனப் பல நல்ல காரியங்கள் இப்பணத்தால் நடந்துள்ளன. தத்தம் வட்டாரத்தில் இயங்கும் கம்பெனிகள் எவை, அவற்றின் இந்த 2 பங்கு எங்கே செலவாகிறது என்று பஞ்சாயத்தார் கேட்டறிவது நியாயமே. கம்பெனிகள் அதை ஆண்டறிக்கையில் வெளியிடக் கடமைப்பட்டுள்ளன.

ஆயினும் நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பேச்செல்லாம் அந்த 2 ரூபாயைப் பற்றியே நடக்கிறது. மீதி 98 ரூபாய் எவ்விதம் சம்பாதிக்கப்பட்டது என்று கேட்பார் அரிது. ஒரு கையால் எடையில் குறைத்து, மறு கையால் பள்ளிக்கு நாற்காலி கொடுப்பதைத் தருமம் என்று சொல்ல முடியாது. நேர்மையான தராசு, ஒப்புக்கொண்ட நாளில் பணம், நிழலுக்கும் தரத்துக்கும் தனி விலை, பல ஆண்டுகளுக்கு வாங்குவதாக உறுதி இவை நான்கும் இருந்தால் நாற்காலியை ஊரே வாங்கிக்கொள்ளும். இலவசங்களுக்குப் பழகிய நம்மவர்க்கு இது கசப்பாகப் படலாம். வாணிபர்க்கோ இன்னும் கசப்பு.

தராசைப் பற்றிச் சொன்னதால் ஒரு கணக்கையும் இங்கே சொல்லிவிடுகிறோம். ஏறத்தாழ 5 முதல் 6 கிலோ பழுத்த பழத்திலிருந்து 1 கிலோ சுத்தமான காப்பிக்கொட்டை கிடைக்கும். பழத்தை அப்படியே உலர்த்தினால் அது செர்ரி. தோலை நீக்கி, கழுவி, மேலோட்டுடன் உலர்த்தினால் அது பார்ச்மெண்ட். 50 கிலோ அராபிக்கா பார்ச்மெண்டைக் குத்தினால் ஏறத்தாழ 40 கிலோ கொட்டையும், 50 கிலோ செர்ரியைக் குத்தினால் அதில் பாதியளவும் தேறும். ஆகவே மூட்டைக்கு மூட்டை விலை ஒப்பிடுவது தவறு. தேறும் கொட்டைக்கு எவ்வளவு என்றே ஒப்பிட வேண்டும். வியாபாரிக்கு இக்கணக்கு மனப்பாடம். விற்பவருக்கும் மனப்பாடமாக வேண்டும். ஈரப்பதம் நூற்றுக்கு 10 முதல் 12க்குள் வருமுன் மூட்டை கட்டினால் கொட்டை பூஞ்சணம் பிடிக்கும். அதைச் சொல்லி வியாபாரி கழிக்கும் கழிவு உண்மையான இழப்பைவிட எப்போதும் அதிகமாகவே இருக்கும். சங்கத்திலோ பஞ்சாயத்துக் கட்டடத்திலோ முத்திரையிட்ட ஒரு தராசும் ஈரப்பதம் காட்டும் ஒரு கருவியும் இருந்தால் வழக்குப் பாதி தீரும்.

பார்ச்மெண்டுக்குச் செர்ரியைவிட நல்ல விலை கிடைப்பதால் பலர் அதை விரும்புகின்றனர். அதில்தான் ஓடைக்கு ஆபத்து. பழத்தோலும், கொட்டையைச் சுற்றிய வழவழப்பான பசையும் சர்க்கரைச் சத்து நிறைந்தவை. கழுவிய நீரை ஓடையில் விட்டால், அச்சத்து அழுகும்போது நீரிலுள்ள பிராணவாயுவைத் தின்றுவிடுகிறது. மீன் சாகும், நீர் புளித்து நாறும், கீழேயுள்ள ஊரார் ஆடுமாடுகளை ஓட்டிக்கொண்டு வேறு இடம் தேட வேண்டும். ஒரு சிறு தோட்டத்தின் கழுநீர் பெரிதாகத் தோன்றாது. மார்கழியில் ஒரே வாரத்தில் நாற்பது தோட்டங்கள் கழுவும்போதுதான் ஓடை அதை உணர்கிறது. குறைந்த நீரில் தோலுரித்துப் பசை நீக்கும் இயந்திரங்கள் இப்போது உள்ளன. தனி ஒருவர் வாங்கக் கட்டுப்படியாகாது. பத்திருபது குடும்பங்கள் சேர்ந்து ஒரு பொதுக் கழுவு கொட்டகை அமைத்து, கழுநீருக்குத் தேக்கக் குழிகள் வெட்டி, சுண்ணாம்பிட்டுப் புளிப்பு மாற்றி, தோலைக் கம்போஸ்ட் ஆக்கினால், ஓடையும் பிழைக்கும், தோட்டத்துக்கு எருவும் ஆகும், எல்லோருடைய காப்பியும் ஒரே தரமாகவும் இருக்கும். வெளிநாட்டு வாணிபர் விரும்புவது இந்த ஒரே தரத்தையே. இவை எதற்கும் வசதியில்லாதவர்கள், பழுத்த பழத்தை மட்டும் பறித்து, நீரில் இட்டு மிதப்பதைக் கழித்து, சுத்தமான களத்தில் மெல்லியதாகப் பரப்பிச் செர்ரியாகவே உலர்த்துவது மேல். அதற்குக் கழுநீர்த் தொல்லை இல்லை.

உலகச் சந்தையில் மனசாட்சியுள்ள வாங்குவோரும் இருக்கிறார்கள். 1988இல் ஹாலந்து தேசத்தில், மெக்சிகோவின் சிறு விவசாயிகளிடமிருந்து நியாய விலைக்கு வாங்கிய காப்பிக்குத் தனி முத்திரையிட்டு விற்கத் தொடங்கினர். இன்று நியாய வாணிப முத்திரை எனப் பல நாடுகளில் வழங்குவது அதிலிருந்து வளர்ந்ததே. அதன் விதிப்படி சந்தை எவ்வளவு வீழ்ந்தாலும் ஒரு குறைந்தபட்ச விலை உண்டு. கழுவிய அராபிக்காவுக்கு 2023 முதல் அது பவுண்டுக்கு 1.80 டாலர். அதற்கு மேல் 20 சென்ட் சங்கத்தின் பொது நிதிக்கு வரும். அதை எவ்விதம் செலவிடுவது என்று அங்கத்தினரின் பொதுக்கூட்டமே தீர்மானிக்கும். காடுகளைக் காக்கும் முறையில் பயிரிட்டதற்கென வேறு முத்திரைகளும், இயற்கை விவசாயத்துக்கெனச் சான்றிதழ்களும் உள்ளன. இவற்றைப் பெறத் தணிக்கைச் செலவு உண்டு, கணக்கு எழுத வேண்டும், ஆண்டுதோறும் பரிசோதகர் வருவார். தனி ஒரு சிறு விவசாயிக்கு இது யானை கட்டித் தீனி போடும் காரியம். சங்கமாகச் சேர்ந்தால் செலவு பங்கிடப்படும். முத்திரை பெற்ற சரக்கு முழுவதும் முத்திரை விலைக்கு விற்றுவிடும் என்ற உறுதியும் இல்லை. வாங்குவோர் இத்தனை மூட்டைதான் வேண்டும் என்றால், மீதி சாதாரண விலைக்கே போகும். முத்திரைக் கம்பெனிகளின் பிரசுரங்களில் இந்த வரி சிறிய எழுத்தில் இருக்கும்.

நமக்கு மிகவும் அருகிலுள்ள நல்ல எடுத்துக்காட்டு ஆந்திர மாநிலத்தின் அரக்குப் பள்ளத்தாக்கு. அங்கும் மலை, அங்கும் பழங்குடியினர், அங்கும் சிறு துண்டு நிலங்கள். கிரிஜன கூட்டுறவு கார்ப்பரேஷன் அங்கே நெடுநாளாக விளைபொருள்களைக் கொள்முதல் செய்து வருகிறது. நாந்தி என்னும் அறநிறுவனத்தின் துணையுடன் 2007இல் சிறு, குறு பழங்குடி விவசாயிகளின் பரஸ்பர உதவிக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றும் அமைந்தது. நிழலுக்கும் பழத்துக்கும் ஆகும் மரங்களை அங்கே இலட்சக்கணக்கில் நட்டார்கள். அதற்கான பணத்தின் ஒரு பகுதியை ஐரோப்பியக் கம்பெனிகள் சேர்ந்து ஏற்படுத்திய ஒரு நிதி கொடுத்தது. அவை தருமத்துக்காகக் கொடுக்கவில்லை. தங்கள் தொழிற்சாலைகள் வெளியிடும் கரியமில வாயுவுக்கு ஈடாக, அம்மரங்கள் உறிஞ்சும் வாயுவைத் தங்கள் கணக்கில் எழுதிக்கொண்டன. புகையை விட்டுக்கொண்டே கணக்கை நேர் செய்வது எவ்வளவு தூரம் நியாயம் என்று கேட்பவர்கள் உண்டு, கேட்க வேண்டியதுதான். எனினும் மரம் மலையில் நிற்கிறது, பழம் மலைக்காரருக்கு. 2017இல் அரக்குக் காப்பி பாரீஸ் நகரில் தன் பெயரிலேயே கடை திறந்தது. 2019இல் அரக்கு, குடகு, வயநாடு, சிக்மகளூர், பாபாபுடன்கிரி ஆகிய ஐந்து இடத்துக் காப்பிகளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த ஐந்தில் சேர்வராயன் மலை இல்லை. இருநூறு ஆண்டுக் காப்பிச் சரித்திரம் உள்ள நம் மலை தன் பெயரைத் தானே சந்தைக்கு எடுத்துச் செல்லவில்லை. நம் காப்பி பெரும்பாலும் பெயரற்ற மூட்டையாக இறங்கி, வேறு ஊர்க் கொட்டையோடு கலந்து, வேறொருவர் பெயரில் பொட்டலமாகிறது.

பெயரற்ற மூட்டைக்கு இனி ஒரு புதிய இடைஞ்சல் வந்திருக்கிறது. ஐரோப்பிய யூனியன் 2023இல் ஒரு சட்டம் இயற்றிற்று. காப்பி, கோகோ, ரப்பர், சோயா, செம்பனை எண்ணெய், மரம், மாட்டினப் பொருள்கள் ஆகியவை 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்தவை அல்ல என்று இறக்குமதி செய்வோர் காட்ட வேண்டும். விளைந்த நிலம் எது என்று அட்சரேகை, தீர்க்கரேகையோடு குறிக்க வேண்டும். நிலவுரிமை, தொழிலாளர் உரிமை உள்ளிட்ட உள்நாட்டுச் சட்டங்களை மீறி விளைந்ததாகவும் இருத்தல் கூடாது. இச்சட்டம் நடைமுறைக்கு வரும் நாள் தள்ளி வைக்கப்பட்டு வந்துள்ளது. 2025இல் இந்தியாவை ஆபத்துக் குறைந்த நாடுகளின் வரிசையிலும் சேர்த்துள்ளனர். இவற்றால் நமக்குச் சிறிது அவகாசம் கிடைத்துள்ளதேயன்றி விலக்குக் கிடைக்கவில்லை. இந்தியக் காப்பியில் மூன்றில் இரு பங்குக்குக் குறையாமல் ஏற்றுமதியாகிறது. இத்தாலியும் ஜெர்மனியும் பெரிய வாடிக்கைக்காரர்கள்.

நம் காப்பியைச் சேலத்திலும் கும்பகோணத்திலுமே குடித்துவிடுகிறார்களே, ஐரோப்பாவின் சட்டம் நமக்கெதற்கு என்று மலையில் சிலர் கேட்கக்கூடும். கேள்வி சரியானதே. ஆனால் மலையில் வாங்கும் வியாபாரிக்குத் தன் மூட்டை கடைசியில் எங்கே போகும் என்று வாங்கும்போதே தெரியாது. எங்கும் விற்கக்கூடிய சரக்கையே அவர் விரும்புவார். இடம் தெரிந்த காப்பிக்கு ஒரு விலை, இடம் தெரியாத காப்பிக்கு அதைவிடக் குறைந்த ஒரு விலை என்று பிரிவு ஏற்பட்டால், காடழிக்காத நம் சிறு விவசாயி, காடழிக்கவில்லை என்று காட்டக் காகிதம் இல்லாத ஒரே காரணத்தால் கீழ்ப்படியில் நிற்க நேரும். உலகைக் காக்க வந்த சட்டம் உலகைக் காத்தவனையே தண்டிப்பதாகிவிடும். இதை ஐரோப்பியர் முன்னும் நம் அரசின் முன்னும் எடுத்துச் சொல்வது ஒருபுறம் இருக்க, காகிதத்தைத் தேடுவது நம் வேலை.

காகிதம் என்றால் முதலில் பட்டா. மலைக் கிராமங்களில் பல தோட்டங்களின் பட்டா, காலமாகிவிட்ட பாட்டனார் பெயரிலேயே இருக்கும். அண்ணன் தம்பிகள் வாய்ப்பேச்சாகப் பாகம் பிரித்து, ஆளுக்கொரு சரிவில் பாடுபடுவார்கள். ஊருக்குள் அதனால் சண்டையில்லை. ஆனால் பாங்கிக் கடனுக்கும், காப்பி வாரியத்தின் மானியத்துக்கும், இப்போது இந்த ஏற்றுமதிப் பதிவுக்கும் அது தடையாகிறது. வன உரிமைச் சட்டம் 2006இன் கீழ் உரிமை கோரத்தக்க நிலங்கள் இருப்பின் அவற்றுக்கும் கிராம சபையே தொடக்கம். பட்டா தெளிவாகாத நிலத்தின் மீது வேறு கண்களும் உண்டு. ஓய்வு விடுதி கட்ட இடம் தேடி வருவோர் ஏக்கருக்குச் சொல்லும் தொகை, காப்பி பத்தாண்டில் தரும் தொகையைவிடப் பெரிதாகத் தோன்றும். விற்றவர் சிலர் தாம் விற்ற நிலத்திலேயே காவற்காரராக இருப்பதை மலையில் காணலாம். சேர்வராயன் மலையின் பாக்சைட் மண், 1965இல் உற்பத்தி தொடங்கிய மேட்டூர் அலுமினிய ஆலைக்குப் பல்லாண்டுகள் வெட்டிச் செல்லப்பட்டது. 2008இல் அந்த உருக்காலை நின்றது. லாரி நின்றதும் அந்த வேலையும் நின்றது. ஒரு முறையே எடுக்கக்கூடிய பொருளில் நடக்கும் வாணிபத்துக்கும், ஆண்டுதோறும் பழுக்கும் பொருளில் நடக்கும் வாணிபத்துக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

நிலத்தின் இடத்தைக் குறிப்பது எண்ணுவது போல் கடினம் அன்று. 4 ஹெக்டேருக்கு, அதாவது ஏறத்தாழ 10 ஏக்கருக்கு, மேற்படாத தோட்டமாயின் நடுவில் ஒரே ஒரு புள்ளியைக் குறித்தால் போதும் என்பது அந்த ஐரோப்பியச் சட்டத்தின் விதி. நம் சிறு விவசாயிகள் ஏறக்குறைய எல்லோரும் இதில் அடங்குவர். பத்தாவது படிக்கும் பிள்ளை கைபேசியைக் கொண்டு அரை நிமிடத்தில் அந்த எண்களைப் படித்துச் சொல்லும். அதைப் பட்டா எண், நிழல் மரங்களின் எண்ணிக்கை, செடியின் வயது, சென்ற மூன்று ஆண்டு விளைச்சல் ஆகியவற்றுடன் ஒரு நோட்டில் எழுதி வைத்தால், அதுவே ஊரின் காப்பிப் பதிவேடு. காப்பி வாரியம் பயிரிடுவோரைப் பதிவு செய்துவருகிறது. ஏற்காட்டில் அதன் விரிவாக்க அலுவலகம் உள்ளது. ஊர் நோட்டு தயாராக இருந்தால் அப்பதிவு ஒரு நாள் வேலை.

சங்கம் என்பதில் அவசரம் கூடாது. மலைவாழ் மக்களுக்கான பெரும்பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் முன்பே உள்ளன. 2002இல் கம்பெனிச் சட்டத்தைத் திருத்தியபின், பத்து விவசாயிகள் சேர்ந்தால் உற்பத்தியாளர் கம்பெனி ஒன்றைப் பதிவு செய்யலாம். 2020இல் தொடங்கிய மத்திய அரசின் திட்டத்தில், சமவெளியில் 300 அங்கத்தினர் வேண்டும் என்ற இடத்தில் மலைப்பகுதிக்கு 100 பேர் போதும் என வைத்தனர். புதிதாகத் தொடங்குவதா, உள்ளதைச் சீர் செய்வதா என்பது அந்தந்த ஊரின் மனிதர்களைப் பொறுத்தது. மானியத்துக்காகப் பிறந்து மானியம் தீர்ந்ததும் மூடிய சங்கங்களின் பெயர்ப்பலகைகளை நாம் பல ஊர்களில் பார்த்திருக்கிறோம். பத்துக் குடும்பங்கள் ஒரு பருவம் ஒன்றாக உலர்த்தி, ஒரே தராசில் நிறுத்து, ஒரே வியாபாரிக்கு விற்றுப் பார்த்த பிறகு பதிவு செய்தால் போதும். பழம் பறிப்பதிலும் தரம் பிரிப்பதிலும் பாதிக்கு மேல் உழைப்பவர்கள் பெண்கள். நிலம் ஆணின் பெயரில் இருப்பதால் அங்கத்தினர் பட்டியலிலும் ஆண்களே நிறைந்துவிடாமல் முதல் நாளிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். கணக்கு அவர்களிடம் இருந்தால் கள்ளுக்கடைக்குப் போகும் பங்கும் குறையும்.

நவம்பர் 1ஆம் நாள் உள்ளாட்சி தினக் கிராம சபை கூடும். அராபிக்காப் பழம் பறிப்புத் தொடங்கும் காலமும் ஏறக்குறைய அதுவே. அதற்கு முன் ஆகஸ்டு 15லும் அக்டோபர் 2லும் இரண்டு சபைகள் உள்ளன. முதற் சபையில் பதிவேட்டுக்குத் தீர்மானம் செய்து, இரண்டாவதில் பட்டா மாறுதல் வேண்டுவோரின் பட்டியலைப் படித்து, கிராம நிர்வாக அலுவலரிடம் மனுக்களை ஒப்படைத்துவிட்டால், மூன்றாம் சபையின்போது முத்திரைத் தராசை எங்கே வைப்பது, அதன் சாவியை யார் வைத்துக்கொள்வது என்பதை மட்டும் பேசினால் போதும்.